பிரிக்கும், சரிபார்க்காது: ஒரு யூஆர்எல் மாட்யூலுக்கு டாக்குமென்டேஷன் எழுதியது

எங்கள் குழுவின் பொது பைத்தான் லைப்ரரியில் யூஆர்எல்களை, அதாவது இணைய முகவரிகளை, பிரித்துக் கொடுக்கும் மாட்யூல் ஒன்று இருக்கிறது. பெரிய சமாச்சாரம் இல்லை. உள்ளே வேலை செய்வது பைத்தானோடு வரும் யூஆர்எல்லிப்.பார்ஸ்தான், அதன் மேல் சில ஃபங்ஷன்களும் ஒரு கிளாஸும், அவ்வளவுதான். ஆனால் பல புராஜெக்ட்கள் அதை நம்பி ஓடுகின்றன. டாக்குமென்டேஷன் என்ற பெயரில் இருந்ததோ, ஃபங்ஷன் பெயரையே இன்னொரு முறை வாக்கியமாக்கிச் சொல்லும் டாக்ஸ்ட்ரிங்குகள் (கோடுக்குள்ளேயே எழுதும் விளக்கங்கள்). 'பாகங்களைப் பிரி' என்ற ஃபங்ஷனுக்குக் கீழே "யூஆர்எல்லின் பாகங்களைப் பிரிக்கும்" என்று எழுதியிருந்தால் படிப்பவருக்கு என்ன கிடைக்கும்? சந்தேகம் வந்தவர்கள் நேராக சோர்ஸ் கோடைத் திறந்தார்கள், அதிலும் பிடிபடாதவர்கள் தாங்களே ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்துகளின் அமைப்பைத் தேடும் சூத்திரம்) எழுதிக்கொண்டு போனார்கள். அதனால் இதை ஒழுங்காக எழுதிவிடுவது என்று எடுத்துக்கொண்டேன். (இந்தப் பதிவில் முகவரிகள், ஃபங்ஷன் பெயர்கள் எல்லாமே தமிழ் எழுத்தில் இருக்கின்றன, கோடில் அவை வழக்கம்போல ஆங்கில எழுத்தில்தான்.)

முதலில் உதாரண முகவரிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனால் வாய்க்கு வந்த டொமைன் பெயரை ஆவணத்தில் எழுதிவைத்தால் அது யாரோ ஒருவருடைய உண்மையான தளமாக இருக்கும், அதை அப்படியே காப்பி செய்து ஓட்டுபவர்களின் ரெக்வெஸ்ட் எல்லாம் அவர் வாசலில் போய் நிற்கும். இதற்கென்றே ஒதுக்கிவைத்த முகவரிகள் இருக்கின்றன. இணைய விதிகளைச் சொல்லும் ஆர்எஃப்சி ஆவணங்களில், 1999-இல் வந்த ஆர்எஃப்சி 2606 'எக்ஸாம்பிள்' டொமைன்களை ஒதுக்கியது, 2010-இல் வந்த ஆர்எஃப்சி 5737 ஆவணங்களுக்காக மட்டும் மூன்று ஐபி தொகுதிகளை ஒதுக்கியது: 192.0.2, 198.51.100, 203.0.113 என்று தொடங்குபவை. நான் பெரும்பாலும் இந்த ஐபிக்களையே போட்டேன். தமிழ் டொமைன் தேவைப்பட்ட இடத்தில் உதாரணம்.பரிட்சை. 2007-இல் ஆங்கிலம் அல்லாத எழுத்துகளில் டொமைன் பெயர்கள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று பார்க்க டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் 11 சோதனைப் பெயர்களை ரூட்டில் (டொமைன்களின் தலைமைப் பட்டியலில்) சேர்த்தபோது தமிழுக்கு வந்த பெயர் அதுதான். சோதனை முடிந்த பிறகு எடுத்துவிட்டார்கள், இப்போது அது எங்கும் போய்ச் சேராது என்பதால் நமக்கு வசதி.

தொடக்க உதாரணம் இது:

எச்டிடிபிஎஸ்://192.0.2.10:8080/நூல்/பட்டியல்?நிறம்=நீலம்&பக்கம்=2#விலை

யூஆர்எல்ஸ்பிளிட் இதை ஐந்தாகப் பிரிக்கும். ஸ்கீம் (எச்டிடிபிஎஸ்), நெட்லாக் (192.0.2.10:8080), பாத் (/நூல்/பட்டியல்), க்வெரி ('?'-க்குப் பின்னால் இருப்பது), ஃபிராக்மென்ட் ('#'-க்குப் பின்னால் இருப்பது). யூஆர்எல்பார்ஸ் என்ற பழைய ஃபங்ஷனும் இருக்கிறது, அது ஆறாகப் பிரிக்கும், கூடுதலான பாகம் பாத்தின் கடைசித் துண்டில் அரைப்புள்ளிக்குப் பின்னால் வரும் 'பேராம்ஸ்'. இப்போதைய விதியான ஆர்எஃப்சி 3986-இல் (2005) அப்படி ஒரு தனிப் பாகமே கிடையாது. அதனால் "புதிதாக எழுதும் கோடில் யூஆர்எல்ஸ்பிளிட்டைப் பயன்படுத்துங்கள்" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டேன். வரலாற்றை எல்லாம் ஆவணத்தில் கொட்டினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

இது வரைக்கும் சுலபம். ஒழுங்கான முகவரியைப் பிரித்துக் காட்டுவதற்கு ஆவணமே தேவையில்லை, பார்த்தாலே புரியும். ஆவணத்தைத் தேடி வருகிறவர் கையில் வேறு ஏதோ ஒரு கோணல் முகவரி இருக்கும், அதைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதுதான் அவர் கேள்வி. ஆகவே பக்கத்தின் முக்கால்வாசியைக் கோணல் முகவரிகளுக்கே ஒதுக்கினேன்.

அதில் முதலிடம், முன்னால் இரட்டைச் சாய்கோடு இல்லாத முகவரிக்கு. "192.0.2.10/படம்" என்று கொடுத்தால் ஐபி நெட்லாக்கில் வரும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். வராது, மொத்தமும் பாத்தில் போய் விழும். '//' இருந்தால் மட்டுமே அடுத்து வருவது நெட்லாக், இல்லாவிட்டால் அதை ரிலேட்டிவ் பாத் என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் விதி, மாட்யூல் சரியாகத்தான் செய்கிறது. ஆனால் எரர் எதுவும் வராது, ஹோஸ்ட்நேம் என்று கேட்டால் அமைதியாக 'நன்' (மதிப்பு எதுவும் இல்லை என்பதற்கான பைத்தான் சொல்) கிடைக்கும், கோடு பத்து வரி தள்ளி வேறெங்கோ விழும். இதைவிட வில்லங்கம் "லோக்கல்ஹோஸ்ட்:8080". பைத்தான் 3.9-க்கு முன்பு இது முழுவதும் பாத்தாக வந்தது, 3.9-இலிருந்து 'லோக்கல்ஹோஸ்ட்' ஸ்கீமாகவும் 8080 பாத்தாகவும் வருகிறது. நடுவில் 3.8.1-இல் இந்த மாற்றத்தைக் கொண்டுவந்து, பழைய கோடுகள் உடைகின்றன என்று 3.8.2-இல் திரும்ப எடுத்துவிட்டார்கள். இலக்கண விதிப்படி பார்த்தால் புதிய நடத்தைதான் சரி, முக்காற்புள்ளிக்கு முன்னால் இருப்பது ஸ்கீமாக இருக்கத் தகுதியுள்ள எழுத்துகள்தானே. ஆனால் கான்ஃபிக் ஃபைலில் அப்படி எழுதிப் பழகிய மனிதருக்கு விதி எங்கே ஞாபகம் வரும்? ஆவணத்தில் தடித்த எழுத்தில் போட்டேன்: ஸ்கீம் இல்லாத முகவரி வரக்கூடும் என்றால், பிரிக்கும் முன்பே நீங்களே '//' சேர்த்துக் கொடுங்கள்.

அடுத்து, எரர் எப்போது வரும் என்ற கேள்வி. பழைய டாக்ஸ்ட்ரிங்கில் "தவறான யூஆர்எல் என்றால் வேல்யூஎரர்" என்று மட்டும் இருந்தது. ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தால் கதை வேறு. "//[::1/படம்" என்று சதுர அடைப்புக்குறியை மூடாமல் கொடுத்தால் பிரிக்கும்போதே வேல்யூஎரர். "//192.0.2.10:99999/" கொடுத்தால் பிரிப்பது சுமுகமாக நடந்துவிடும், பிறகு எப்போதோ யாரோ 'போர்ட்' என்று எடுக்கப் போகும்போது, 0 முதல் 65535 வரைதான் இருக்கலாம் என்று அங்கே வேல்யூஎரர் விழும். காரணம், போர்ட் என்பது சேமித்து வைத்த மதிப்பு இல்லை, கேட்கும்போது நெட்லாக்கிலிருந்து கணக்கிட்டுக் கொடுக்கும் பிராபர்ட்டி. ட்ரை-எக்ஸெப்ட்டைப் பிரிக்கும் வரியைச் சுற்றி மட்டும் போட்டவர்கள் இதில் மாட்டுவார்கள். எனவே "வேல்யூஎரர் எழுப்பும்" என்ற வரியை ஃபங்ஷனின் கீழும் போர்ட் பிராபர்ட்டியின் கீழும் தனித்தனியாக, எந்தக் காரணத்துக்கு எது என்று எழுதினேன். கூடவே ஒரு பின்குறிப்பு: போர்ட் இல்லாவிட்டால் 'நன்', "192.0.2.10:" என்று முக்காற்புள்ளி மட்டும் இருந்தாலும் 'நன்', ":0" என்று இருந்தால் 0. இஃப் போட்டுச் சும்மா சோதித்தால் 0-வும் நன்னும் ஒன்றாகிவிடும், அதனால் நன்னோடு நேரடியாக ஒப்பிடுங்கள்.

ஐபிவி6 பற்றியும் சொல்லிவிட வேண்டும். "//[::1]:8080/" என்பதில் ஹோஸ்ட்நேம் கேட்டால் அடைப்புக்குறி இல்லாமல் ::1 மட்டும் வரும். அதை அப்படியே எடுத்து ":8080" ஒட்டினால் "::1:8080" என்று வேறு ஏதோ ஆகிவிடும். முகவரியைத் திரும்பக் கட்டுகிறவர் அடைப்புக்குறியைத் தானே போட வேண்டும். ஹோஸ்ட்நேம் எப்போதும் சின்ன எழுத்தில் வரும், நெட்லாக் கொடுத்தபடியே இருக்கும் என்பதும் அதே பத்தியில்.

இப்போது முக்கியமான இடம். மாட்யூலில் 'சரியான யூஆர்எல்லா' என்ற பெயரில் ஒரு ஃபங்ஷன், ட்ரூ அல்லது ஃபால்ஸ் கொடுக்கும். இதற்கு ஒரு வரி விளக்கம் எழுத உட்கார்ந்தால் எழுதவே வரவில்லை. உள்ளே பார்த்தால் ஸ்கீம் இருக்கிறதா, நெட்லாக் இருக்கிறதா என்ற இரண்டு சோதனைதான். நெட்லாக்கில் இருப்பது ஹோஸ்ட்தானா, போர்ட் எல்லைக்குள் இருக்கிறதா, நடுவில் காலி இடம் இருக்கிறதா, எதையும் பார்க்காது. "சரியான யூஆர்எல்லா என்று சொல்லும்" என்று எழுதினால் பொய். உண்மையைச் சொன்னால் பெயருக்கும் செயலுக்கும் ஒட்டவில்லை. குழுவில் பேசி, பெயரை 'ஸ்கீமும் நெட்லாக்கும் உண்டா' என்று நீளமாகவே மாற்றினோம், பழைய பெயரைக் கூப்பிட்டால் எச்சரிக்கை வரும்படி வைத்தோம். ஒரு ஃபங்ஷனுக்கு நேர்மையான ஒரு வரி எழுத முடியவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் எழுதுபவரிடம் இல்லை, ஃபங்ஷனிடம்தான்.

இதை ஒட்டித்தான் பக்கத்தின் மேலேயே "இந்த மாட்யூல் பிரிக்கும், சரிபார்க்காது" என்ற வரியைத் தனியாக வைத்தேன். பைத்தானின் அதிகாரபூர்வ ஆவணமும் பாதுகாப்பு பற்றிய பகுதியில் இதையே சொல்கிறது. ஆர்எஃப்சி 3986-இன் பின்னிணைப்பில் முகவரியைப் பிரிக்க ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன் கொடுத்திருக்கிறார்கள், பலர் அதை எடுத்து 'வாலிடேஷன்' என்று போட்டுக்கொள்கிறார்கள். அதில் எல்லாப் பாகமும் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி என்ற வகை, ஆகவே காலி ஸ்ட்ரிங் உட்பட எதைக் கொடுத்தாலும் பொருந்தும். ஏற்கெனவே சரி என்று தெரிந்த முகவரியைப் பிரிக்கத்தான் அது, சரியா என்று கேட்பதற்கு அல்ல.

இந்த வேறுபாடு வெறும் சொல் விளையாட்டு இல்லை என்று காட்ட இரண்டு உதாரணம் சேர்த்தேன். முதலாவது:

//உதாரணம்.பரிட்சை@192.0.2.10/உள்நுழை

கண்ணுக்கு உதாரணம்.பரிட்சைக்குப் போவது போல இருக்கும், உண்மையில் '@'-க்கு முன்னால் இருப்பது யூசர்நேம், ஹோஸ்ட் 192.0.2.10. இதை ஓரளவு அனுபவம் உள்ளவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். இரண்டாவதுதான் ஆபத்து:

எச்டிடிபி://192.0.2.10\@198.51.100.7/

நெட்லாக் எங்கே முடிகிறது? பைத்தானுக்கு '/', '?', '#' மூன்றும்தான் எல்லை, பின்சாய்கோடு சாதாரண எழுத்து. ஆகவே '@'-க்குப் பின்னால் இருக்கும் 198.51.100.7 ஹோஸ்ட். பிரவுசர்கள் பின்பற்றும் வாட்விஜி (வெப் தரங்களை எழுதும் குழு) விதிப்படி எச்டிடிபி போன்ற ஸ்கீம்களில் பின்சாய்கோடும் சாய்கோடுதான். ஆகவே அங்கே ஹோஸ்ட் 192.0.2.10. ஒரே முகவரி, இரண்டு பார்சர் (முகவரியைப் பிரிக்கும் புரோகிராம்), இரண்டு பதில். அனுமதிப் பட்டியலை ஒரு பார்சரால் சோதித்துவிட்டு, முகவரியை வேறு பார்சர் உள்ள கிளையன்ட்டிடம் கொடுத்தால் சோதனைக்கு அர்த்தமே இல்லாமல் போகிறது. 2017-இல் பிளாக் ஹாட் மாநாட்டில் ஆரஞ்ச் சாய் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் இப்படிப்பட்ட பார்சர் முரண்பாடுகளை வைத்தே சர்வர்களை உள் நெட்வொர்க்குக்குத் திருப்பிவிட முடியும் என்று மொழி மொழியாகக் காட்டினார். ஆவணத்தில் என் பரிந்துரை: பாதுகாப்புக்காகச் சோதிக்கிறீர்கள் என்றால் பிரித்த பாகங்களிலிருந்து முகவரியைத் திரும்பக் கட்டி, கட்டியதையே கிளையன்ட்டுக்குக் கொடுங்கள், பின்சாய்கோடோ '@'-ஓ நெட்லாக்கில் இருந்தால் யோசிக்காமல் தள்ளிவிடுங்கள்.

க்வெரி பகுதிக்கு வந்தால் அங்கே வரிசை முக்கியம்: முதலில் பிரிக்க வேண்டும், பிறகுதான் டீகோட் செய்ய வேண்டும். வாக்கியமாகச் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போவார்கள் என்று ஒரு உதாரணத்தை நடத்தியே காட்டினேன்.

?பொருள்=சோப்பு%26சீப்பு&பக்கம்=2

%26 என்பது '&'. பிரித்த பிறகு டீகோட் செய்தால் பொருள் "சோப்பு&சீப்பு", பக்கம் 2. முதலிலேயே மொத்த முகவரியையும் அன்க்வோட் (சதவீதக் குறியீட்டை டீகோட்) செய்துவிட்டால் சோப்பு தனியாக, சீப்பு மதிப்பே இல்லாத அனாதையாக, பக்கம் 2 என்று மூன்று துண்டாகும். அதுவும் க்வெரியைப் பிரிக்கும் பார்ஸ்_க்யூஎஸ் ஃபங்ஷன் மதிப்பில்லாதவற்றை இயல்பாகவே தூக்கிப் போட்டுவிடும், சீப்பு போன தடமே தெரியாது. காலி மதிப்புகளும் வேண்டுமென்றால் அதற்கான ஆர்குமென்ட்டைக் கொடுக்க வேண்டும். இரண்டு முறை டீகோட் செய்வதும் இதே ரகம்: %2520 ஒருமுறை டீகோட் செய்தால் %20, இன்னொரு முறை செய்தால் காலி இடம். முன்பு அரைப்புள்ளியும் '&' போலவே பிரிப்பானாக இருந்தது, 2021-இல் பாதுகாப்புக் காரணத்துக்காக மாற்றி, இயல்பாக '&' மட்டும் என்று ஆக்கினார்கள். பழைய பைத்தானில் எழுதிய கோடைக் கொண்டுவருபவர்களுக்காக அதையும் குறித்துவைத்தேன். ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் எங்கள் மாட்யூலின் சுருக்கு ஃபங்ஷன் கடைசியை வைத்துக்கொண்டு முந்தையதை விட்டுவிடும், எல்லாம் வேண்டுமென்றால் பார்ஸ்_க்யூஎஸ் பட்டியலாகத் தரும். '+' க்வெரியில் காலி இடம், பாத்தில் வெறும் '+'. சரி, இதற்கு மேல் நீட்டவில்லை.

தமிழ் எழுத்துகளுக்கு என்று தனிப் பகுதி எழுதியது எனக்கே பிடித்த இடம். 'தமிழ்' என்ற சொல் பார்வைக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடு. யூடிஎஃப்-8-இல் ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 15 பைட். ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாகும்போது 45 எழுத்து. டேட்டாபேஸில் யூஆர்எல் நெடுவரிசைக்கு 255 என்று எல்லை வைத்திருந்தால் ஒரு நீளமான தமிழ்த் தலைப்பு அதைத் தாண்டிவிடும். வெட்டிச் சேமித்தால் வெட்டு ஓர் எழுத்தின் நடுவில் விழலாம். அப்போது அன்க்வோட் எரர் கொடுக்காது, உடைந்த இடத்தில் கேள்விக்குறி போட்ட கறுப்பு டைமண்ட் எழுத்தை வைத்துவிட்டுப் போய்விடும், அதுதான் அதன் இயல்பான ஏற்பாடு. எரர் வேண்டுமென்றால் 'ஸ்ட்ரிக்ட்' என்று கேட்க வேண்டும்.

இன்னொன்று, 'கொ'. ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டுக்கும் துளி வித்தியாசம் தெரியாது. ஆனால் சதவீதக் குறியீட்டில் முதலாவது 6 பைட், இரண்டாவது 9 பைட், இரண்டு வெவ்வேறு முகவரி. தமிழ் ஸ்லக் (முகவரியில் வரும் தலைப்பு) வைத்த பக்கத்துக்கு லிங்க் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் 404 வருகிறது என்றால் சந்தேகப்பட வேண்டிய இடங்களில் இது ஒன்று. மாட்யூல் இதை ஒருமைப்படுத்தாது. க்வோட் (சதவீதக் குறியீடாக மாற்றம்) செய்யும் முன்பு என்எஃப்சி வடிவத்துக்கு (இரண்டையும் ஒரே குறியீடாக்கும் யூனிகோடு வடிவம்) மாற்றுவது உங்கள் பொறுப்பு என்று எழுதி, இரண்டு 'கொ'வையும் குறியீட்டு எண்ணோடு காட்டினேன், கண்ணால் பார்த்து நம்ப முடியாத விஷயம் அல்லவா.

அடிப்படை முகவரியோடு இன்னொன்றைச் சேர்க்கும் யூஆர்எல்ஜாய்ன் பற்றி ஓர் அட்டவணை போட்டேன். அடிப்படை "//192.0.2.10/நூல்/பகுதி", சேர்ப்பது "படம்" என்றால் விடை "/நூல்/படம்", பகுதி காணாமல் போகும். கடைசியில் சாய்கோடு வைத்து "/நூல்/பகுதி/" என்று கொடுத்தால்தான் "/நூல்/பகுதி/படம்". "/படம்" கொடுத்தால் நேராக ஹோஸ்ட்டின் வேருக்கு. "//198.51.100.7/படம்" கொடுத்தால் ஹோஸ்ட்டே மாறிவிடும், அதனால் வெளியாள் கொடுத்த ஸ்ட்ரிங்கை ஜாய்ன் செய்துவிட்டு நம் தளத்துக்குள்தான் இருக்கிறோம் என்று இருந்துவிடாதீர்கள். சொந்தமாக உருவாக்கிய ஸ்கீம் என்றால் யூஆர்எல்ஜாய்ன் சேர்க்கவே சேர்க்காது, இரண்டாவதாகக் கொடுத்ததை அப்படியே திருப்பித் தரும். இந்தக் கடைசி வரி சோர்ஸைப் படித்தபோதுதான் கண்ணில் பட்டது. டெஸ்ட்டுக்கு ஆர்எஃப்சி 3986-இன் 5.4-ஆம் பகுதியில் இருக்கும் உதாரணப் பட்டியலையே எடுத்துக்கொண்டேன், '..' போட்டு மேலே ஏறிக்கொண்டே போய் வேரையும் தாண்டப் பார்க்கும் முகவரிகள்கூட அதில் இருக்கின்றன.

எல்லா உதாரணத்தையும் டாக்டெஸ்ட்டாகவே (ஓட்டிச் சரிபார்க்கக்கூடிய உதாரணமாகவே) எழுதி, கோடு மாறும்போதெல்லாம் தானாகச் சோதிக்கும் சிஐயில் சேர்த்துவிட்டேன். எரர் உதாரணங்களில் மெசேஜை வார்த்தைக்கு வார்த்தை ஒப்பிட வைத்தால் பைத்தான் வெர்ஷன் மாறும்போது எல்லாம் சிவப்பாகும், அதனால் எரர் வகையை மட்டும் பார், விவரத்தை விட்டுவிடு என்ற ஆப்ஷனைப் போட்டேன். ஆனால் லோக்கல்ஹோஸ்ட் உதாரணம் மாதிரியானவற்றில் முழு விடையையும் ஒப்பிட வைத்திருக்கிறேன், அங்கே நடத்தை மாறினால் சிவப்பாக வேண்டும். பழைய பைத்தான் உள்ள ஒரு சிஐ ஜாப்பில் அது உடனே சிவப்பானது, அந்த ஜாப்பை நம்பியிருந்த ஒரு புராஜெக்ட் இன்னமும் 3.8-இல் ஓடுகிறது என்பதே அப்போதுதான் வெளியே வந்தது. டாக்ஸ்ட்ரிங்கில் நாலு உதாரணத்துக்கு மேல் வைக்கவில்லை, மற்றவை எல்லாம் தனி கைடு ஃபைலில். ஹெல்ப் என்று அடித்தால் மூன்று திரை ஓடும் டாக்ஸ்ட்ரிங்கை எழுதியவரைத் தவிர யாரும் படிப்பதில்லை.

கைடின் கடைசிப் பகுதி, மாட்யூல் எதற்கு உத்தரவாதம் தராது என்பது. பிரித்த பாகங்களைத் திரும்ப முகவரியாக்கும் கெட்யூஆர்எல் கொடுப்பது நீங்கள் கொடுத்த அதே ஸ்ட்ரிங்காக இருக்க வேண்டியதில்லை: ஸ்கீம் சின்ன எழுத்தாகும், நடுவில் இருந்த டேப், வரிமுறிவு எல்லாம் பிரிக்கும்போதே போய்விடும். முகவரியின் கடைசியில் வெறும் '?' அல்லது '#' மட்டும் இருந்தால், நாங்கள் ஓட்டும் வெர்ஷன்களில் அதுவும் விழுந்துவிடும். முகவரியைக் கையொப்பமிட்டு அனுப்பும் புராஜெக்ட்கள் மூல ஸ்ட்ரிங்கைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். ஹோஸ்ட்நேமில் தமிழ் இருந்தால் தமிழாகவே வரும், டிஎன்எஸ்ஸுக்குத் தேவையான பியூனிகோடாக (ஆங்கில எழுத்து, எண்களால் மட்டும் எழுதும் வடிவம்) மாறாது. மாற்றுவதற்கு பைத்தானில் உள்ளேயே 'ஐடிஎன்ஏ' என்கோடிங் இருக்கிறது, ஆனால் அது ஐடிஎன்ஏ 2003 விதியைப் பின்பற்றுவது, 2008 விதி வேண்டுமென்றால் தனி லைப்ரரி நிறுவ வேண்டும். எங்கள் மாட்யூல் இதுவரை வெளி லைப்ரரி எதையும் சார்ந்திருக்கவில்லை, இதற்காக ஒன்றைச் சேர்ப்பதா வேண்டாமா என்று குழுவில் இன்னும் முடிவாகவில்லை. அது முடிவாகும் வரை அந்தப் பத்தியின் தலையில் 'வரைவு' என்று போட்டுவைத்திருக்கிறேன்.